ஐம்பத்து நான்கு வாட்

எங்கள் வீடு கோடையில் எவ்வளவு குளிர்ச்சி தெரியுமா என்று யாராவது பெருமை பேசினால் இப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எத்தனை பேரை வெளியே நிறுத்திவிட்டு அந்தக் குளிர்ச்சி வந்தது என்று கேட்கத் தோன்றுகிறது. இரண்டு இடங்களில் கேட்டும் விட்டேன். அந்த இரண்டு வீட்டு விசேஷங்களுக்கும் அப்புறம் எனக்கு அழைப்பு வரவில்லை.

கேட்க எனக்கு யோக்கியதை உண்டா என்றால், இல்லை. திருச்சியில் காவிரிக் கரைக்குச் சற்றுத் தள்ளித் தொண்ணூற்றாறு வீடுகளோடு நிற்கிறதே தண்மனை, அதை வடிவமைத்த பொற்கொடி நான்தான். அதே கட்டடத்தில் இரண்டாவது மாடியில் குடியும் இருக்கிறேன்.

வீடுகளில் ஏசி கூடாது என்று சட்டம் வந்து பதினோரு வருடம் ஆகிறது. இருக்கிற மின்சாரம் மருத்துவமனைகளுக்கும் கடல்நீரைக் குடிநீராக்குவதற்குமே பற்றவில்லை. வீட்டுக்கு இரண்டு மின்விசிறி, நாலு விளக்கு, ஒரு அடுப்பு, அவ்வளவுதான். ஊரே வெந்துகொண்டிருந்த அந்த நேரத்தில்தான் தண்மனையைக் கட்டினேன். அதில் மந்திரம் மாயம் எதுவும் இல்லை. இரண்டடி கனத்தில் சுவர். மேற்கே ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. தெற்கே ஜன்னல்களுக்கு மேல் நீளமான சன்ஷேடு. தோட்டத்துக்கு அடியில் பத்தடி ஆழத்தில் குழாய்கள் ஓடுகின்றன. வெளிக்காற்று அவற்றின் வழியே ஊர்ந்து வருவதற்குள் தன் சூட்டை மண்ணிடம் கொடுத்துவிடும். இரவு முழுக்க எல்லாவற்றையும் திறந்து வைத்தால் சுவர்கள் குளிரும். காலை எட்டரைக்கு மணி அடித்ததும் கதவு ஜன்னல் அத்தனையும் சாத்த வேண்டும். மாலை ஆறுக்குத்தான் திறப்பு. நடுவில் இருக்கிற அந்த ஒன்பதரை மணி நேரத்துக்கே எங்கள் கட்டடத்தில் 'சாத்து' என்று பெயர் வந்துவிட்டது.

சாத்து நேரத்தில் யாராவது வந்தால் அதற்கும் வழி வைத்திருந்தேன். நுழைவாயிலில் இரண்டு கதவுகள், நடுவில் ஒரு சிறிய அறை. ஒன்று மூடினால்தான் மற்றது திறக்கும். அப்படியும் ஒவ்வொரு திறப்புக்கும் கொஞ்சம் அனல் உள்ளே வரும் என்பதால் ஒரு நாளைக்கு நாற்பது திறப்புகள்தான் என்று வரம்பு வைத்தேன். மிச்சம் எத்தனை என்று கதவின் பக்கத்தில் எண் ஓடும். வெளியே நாற்பத்தாறு டிகிரி இருக்கும்போது உள்ளே இருபத்தொன்பது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

குடிவந்தவர்களுக்காகக் கையேடு எழுதியதும் நான்தான். மனித உடம்பும் ஒரு சின்ன அடுப்புதானே, சும்மா உட்கார்ந்திருந்தாலும் அதிலிருந்து சூடு வரும். அதனால் ஒரு வெளிநாட்டுப் பொறியியல் நூலிலிருந்து அட்டவணை ஒன்றை எடுத்துப் போட்டேன். தூங்குபவர் எழுபது வாட். உட்கார்ந்திருப்பவர் நூறு. சமைப்பவர் நூற்றறுபது. பெருக்கித் துடைப்பவர் இருநூற்றிருபது. தலைப்பு 'வீட்டின் வெப்பச் சுமைகள்'. எங்கள் தொழிலில் சுமை என்பது சாதாரண வார்த்தை. தூணுக்கும் சுமை உண்டு, ஒயருக்கும் சுமை உண்டு. மனிதர்களுக்கு அந்தப் பெயரை வைத்தால் என்ன ஆகும் என்று யோசிக்கிற புத்தி எனக்கு இல்லாமல் போனது.

ஆறே மாதத்தில் அந்த வார்த்தை படியிறங்கி வந்துவிட்டது. எங்கள் வீட்டில் மூன்று சுமை என்றார்கள். லீவுக்கு ஊரிலிருந்து இரண்டு சுமை வருகிறது என்றார்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

லூர்து மேரி அப்போது எங்கள் வீட்டிலும் அதே கட்டடத்தில் இன்னும் மூன்று வீடுகளிலும் வேலை செய்துகொண்டிருந்தாள். நாற்பது வயது, ஒல்லி உடம்பு. அரியமங்கலத்தில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் இருந்தாள். பகலில் அந்த அறைக்குள் ஆள் இருக்க முடியாது. ஆகவே காலை வேலை முடிந்ததும் எங்கள் ஸ்டோர் ரூமில் புடவையை விரித்துப் படுத்துத் தூங்கிவிட்டு, ஆறு மணிக்குத் திறந்ததும் மாலை வேலைக்குப் போவாள். மற்ற வீட்டு வேலைக்காரப் பெண்களும் இப்படித்தான் எங்கேயாவது ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடந்தார்கள்.

ஒரு கோடையில் உள்வெப்பம் முப்பதைத் தாண்டியது. அப்படியே போனால் கட்டடம் முப்பதுக்குள் நிற்கிறது என்று கொடுத்திருந்த குளிர்ச் சான்று ரத்தாகும், மின்விசிறிக்கு உள்ள மின்சாரமும் பாதியாகும் என்று வெப்ப வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் கலியபெருமாள் கூட்டம் போட்டார். தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அதிர்ந்து பேசமாட்டார், விதி எழுத்தில் இருந்தால் அதைவிட்டு இம்மி நகரமாட்டார். என் கையேட்டை என்னிடமே படித்துக் காட்டினார். அதிகச் சுமை யார்? வேலை செய்கிறவர்கள். ஆகவே வேலைகள் சாத்துக்கு முன் முடிய வேண்டும், வேலையாட்கள் மணிக்கு முன் வெளியேற வேண்டும், வீட்டுக்கு நான்கு பேர் பெயர்தான் பதிவேட்டில் இருக்கலாம். தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி. இதை மறைத்து இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

எங்கள் வீட்டில் நான், என் கணவர் மதியழகன், மாமனார் என்று மூன்று பேர்தான். நாலாவதாக லூர்துவின் பெயரை எழுதினேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. அடுத்த ஏப்ரலில் கரூரிலிருந்து என் நாத்தனார் வந்தாள். அவள் வீட்டுக்குள்ளேயே நாற்பத்தொரு டிகிரி, தூங்கி ஒரு வாரம் ஆகிறது என்றாள். கண்கள் உள்ளே போயிருந்தன. லூர்துவின் பெயரை அடித்துவிட்டு அவள் பெயரை எழுதினேன். ஒரு மாதம்தான், வெளியே எப்படியாவது சமாளித்துக்கொள் என்று லூர்துவிடம் சொன்னேன். அவள் சரிக்கா என்றாள். அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது.

வெளியே என்றால் எங்கே? பதினொன்றிலிருந்து நாலு வரை பஸ் கிடையாது. மரங்களை எல்லாம் நான் சுற்றுச்சுவருக்கு உள்ளே, கட்டடத்தை ஒட்டி வைத்திருந்தேன். நிழல் சுவருக்கு விழுந்தது, தெருவுக்கு ஒரு சாண் விழவில்லை. சுவருக்கு வெயிலைத் திருப்பி அடிக்கிற வெள்ளைப் பூச்சு. சுவர் வாங்க மறுத்த வெயில் எங்கே போகும்? தெருவுக்குத்தான் போகும். வரைபடத்தில் தெரு என்பது வெறும் இரண்டு கோடு. அங்கே ஒருத்தி உட்கார்ந்திருப்பாள் என்று எந்தக் கணக்கிலும் நான் எழுதவில்லை.

மே பதினெட்டாம் தேதி மத்தியானம் ஒன்றே முக்காலுக்கு லூர்துவிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, தலை சுத்துது. கண்ணு தெரியல. கதவத் தொறக்கச் சொல்லுங்கக்கா."

ஓடினேன். கதவின் பக்கத்தில் எண் பூஜ்யத்தில் நின்றது. அன்றைக்கு மூன்றாவது மாடியில் நிச்சயதார்த்தம்; தட்டும் தாம்பாளமுமாக வந்தவர்கள் பன்னிரண்டு மணிக்குள் நாற்பதையும் தீர்த்திருந்தார்கள். பூஜ்யமானால் கதவு பூட்டிக்கொள்ளும், செயலாளர்தான் திறக்க முடியும். கலியபெருமாள் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் நிதானமாக வந்தார்.

"ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க மேடம். அவங்க ஏசி வண்டியிலயே வருவாங்க, அதான் அந்தம்மாவுக்கும் நல்லது. இங்க ஒரு தடவ தொறந்துட்டா நாளைக்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லுவாங்க."

"செத்துருவா சார்."

"அதனாலதான் ஆம்புலன்ஸுன்னு சொல்றேன்."

அந்த மனிதர் கொடுமைக்காரர் இல்லை. கொடுமைக்காரராக இருந்திருந்தால் கன்னத்தில் ஒன்று விட்டிருப்பேன், மனசு ஆறியிருக்கும். அவர் நான் எழுதியதைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். படிக்கட்டில் மாட்டியிருந்த தீயணைப்பு சிலிண்டரைக் கழற்றினேன். உள்கதவின் கண்ணாடியை மூன்றாவது அடியில் உடைத்தேன். வெளிக்கதவின் பூட்டு ஏழெட்டு அடி வாங்கியது. என் மணிக்கட்டு பிசகியது அப்புறம்தான் தெரிந்தது.

லூர்து வாசல் கல்லில் ஒருக்களித்து விழுந்து கிடந்தாள். வலக் கன்னம் கல்லில் பதிந்திருந்தது. தூக்கியபோது தோல் கல்லோடு ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளே இழுத்துப் போட்டு, ஈரத்துணியால் சுற்றி, ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். அது வரும் வரை இருபத்தைந்து நிமிடம் இரண்டு கதவுகளும் திறந்து கிடந்தன. கட்டடத்தின் உள்வெப்பம் அன்று கால் டிகிரி ஏறியது. கால் டிகிரி. நிச்சயதார்த்த வீட்டில் யாருக்காவது வியர்த்ததா என்று எனக்குத் தெரியாது.

ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். உயிர் தங்கியது, கன்னத்தில் தழும்பும் தங்கியது. சிறுநீரகம் பழுதாகியிருக்கிறது, இனி வெயிலில் இருக்கவே கூடாது என்று டாக்டர் சொன்னார்.

அடுத்த ஞாயிறு கூட்டம். நான் கதவை உடைத்ததுதான் விஷயம். லூர்துவைப் பற்றி விசாரித்தவர்கள் நான்கு பேர், கதவு எப்போது சரியாகும் என்று கேட்டவர்கள் முப்பது பேர். வேலைக்கு வரும் பெண்களை இனி சாத்து நேரத்தில் உள்ளே விட வேண்டும் என்று எழுந்து நின்று சொன்னேன். கலியபெருமாள் என் கையேட்டைப் பிரித்தார்.

"நாங்க யாரும் சொந்தமா ரூல் போடலையே மேடம். வேலை செய்யுற ஆளு இருநூத்தி இருபது வாட்டுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க."

"மத்தியானம் அவங்க வேலை செய்யல சார். படுத்துத் தூங்குறாங்க."

"சரி, எழுபதுன்னே வச்சுக்குவோம். மாடிக்கு எட்டு வீடு, எட்டு ஆளு. ஐநூத்தி அறுபது வாட். ஒரு இஸ்திரிப் பெட்டியப் பாதிச் சூட்டுல நாள் பூரா போட்டு வச்ச மாதிரி. மாடிக்கு ஒண்ணு. உங்க கட்டடம் தாங்குமா? நீங்களே சொல்லுங்க."

தாங்காது. கணக்கு சரியாகத்தான் இருந்தது. தோற்றுப்போய் உட்காரப் போனபோதுதான் எனக்கு அது உறைத்தது. இத்தனை வருடமாகக் கண்ணுக்கு முன்னால் இருந்தும் தெரியாத தப்பு.

"அந்த அட்டவணையில இருக்கிறது நம்ம ஆளே இல்ல சார். அது எழுபத்தஞ்சு கிலோ வெள்ளக்கார ஆம்பள. எந்தக் காலத்துலயோ ஏதோ ஒரு குளிர் நாட்டுல அளந்தது. லூர்து முப்பத்தெட்டு கிலோதான்."

"நீங்க அளந்து பாத்தீங்களா?"

"இல்ல."

"அப்ப அளங்க. அளந்து எழுத்துல குடுங்க, நான் ஏத்துக்கறேன்."

அளந்தேன். இரண்டு கதவுகளுக்கு நடுவில் இருந்த அறையே அதற்குத் தோதாக அமைந்தது. கனமான சுவர், புதிதாக மாட்டிய காற்றுப் புகாத கதவுகள். எட்டு மூலையிலும் வெப்பமானி வைத்து, ஓர் ஆளைக் கால் மணி நேரம் உட்காரவைத்தால் அவர் உடம்பு எவ்வளவு சூட்டைக் கொடுக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு வாரம் ஆன லூர்துவை அழைத்து நாற்காலி போட்டேன். என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள். சும்மா உட்கார் என்றேன். சும்மாவா என்று அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படி ஒரு வேலையை அதுவரை யாரும் அவளுக்குக் கொடுத்ததில்லை.

ஐம்பத்து நான்கு வாட்.

என் கணவர் எண்பத்தாறு. கலியபெருமாளும் வேட்டியை மடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நூற்றொன்பது. அடுத்த கூட்டத்தில் நான் எழுந்து, இரண்டு லூர்து சேர்ந்தாலும் ஒரு செயலாளர் ஆகாது என்றேன். கூடம் அதிரச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பத்தே நிமிடத்தில் தீர்மானம் நிறைவேறியது. அளந்து பார்த்து அறுபது வாட்டுக்குள் இருக்கிற வேலையாட்கள், நான்கு பேர் கணக்கில் சேராமல், சாத்து நேரத்தில் உள்ளே தங்கலாம். மாதத்தின் முதல் திங்கள்கிழமை அளவு. அளவைப் போட்டு ஓர் அட்டை.

வெப்ப வாரியம் அதைப் பார்த்து நகரம் முழுவதற்கும் விதியாக்கியது. பத்திரிகையில் என் படம் வந்தது. என் பாவம் கழிந்தது என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன். அந்தத் தூக்கத்தை நினைத்தால் இப்போது என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

முதலில் காதில் விழுந்தது மாடிப் பேச்சுதான். ஐந்தாவது மாடி அம்மாள் தன் வீட்டுக்கு வரும் பெண் நாற்பத்தொன்பதுதான் என்று, மகள் வாங்கிய மார்க்கைச் சொல்வதுபோலச் சொன்னாள். அப்புறம் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. சமையலுக்கு ஆள் தேவை, ஐம்பத்தைந்துக்குள் இருந்தால் நல்லது. கிழித்துப் போட்டேன். மறுநாள் வேறு ஒன்று ஒட்டியிருந்தது. அறுபத்துமூன்று வந்த ஒருத்தியை அடுத்த தெருக் கட்டடத்தில் வெளியே அனுப்பிவிட்டார்கள் என்று மாமனார் சொன்னார். உள்ளே விட வழி செய்கிறேன் என்று நான் போட்ட எண், வெளியே நிறுத்துவதற்கு முன்னதைவிட வசதியாக இருந்தது. முன்பு விதி பொதுவாக இருந்தது. இப்போது தப்பு ஒவ்வொருத்தி உடம்பிலும் இருந்தது.

லூர்து எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள். நாத்தனார் ஊருக்குப் போகவே இல்லை. கரூர் வெயிலுக்குப் போ என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. லூர்து ஸ்டோர் ரூமில் பகலில் தூங்கினாள். வெயில் படாமல் இருந்ததில் உடம்பு தேறியது. வளையல் இறுக ஆரம்பித்தது. அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஜூலையில் அவள் அட்டையில் ஐம்பத்தேழு. ஆகஸ்டில் ஐம்பத்தொன்பது. இதைப் பார்த்தும் எனக்கு எதுவும் தோன்றவில்லை. பொறியாளராம்.

செப்டம்பர் முதல் திங்கள். ஏழு மணிக்குப் பாத்திரங்களைக் கழுவி முடித்தவளுக்கு நான்கு இட்லி வைத்துத் தட்டை நீட்டினேன். வேண்டாம் என்றாள். உடம்பு சரியில்லையா என்று கேட்டேன்.

"இன்னைக்கு அளவுக்கா."

"அளவுக்கும் இட்லிக்கும் என்ன?"

"சாப்ட்டா ஏறுதுல்ல. வெறும் வயித்தோட போனா அஞ்சாறு கொறையும். ரெண்டு மூணு நாளு முன்னாடியே விட்டுட்டா இன்னும் நல்லா கொறையும். எல்லாரும் அப்படித்தாங்கா போறோம்."

எப்போதிலிருந்து சாப்பிடவில்லை என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை ராத்திரியிலிருந்து நீராகாரம் மட்டும் என்றாள். நாலாவது மாடிக்கு வரும் பாப்பம்மாள் மாதம் முழுக்கவே ஒருவேளைதான் சாப்பிடுகிறாள், அவளுக்கு எலும்பு கனம், அறுபதை ஒட்டியே நிற்கும் என்று விளக்கினாள். டாக்டர் நன்றாகச் சாப்பிடச் சொன்னாரே என்றேன். வெயிலில் இருக்கக் கூடாது என்றும் அவர்தானே சொன்னார், இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றாள். உண்மையில் அவள் கணக்கு என் கணக்கைவிடச் சுத்தமாக இருந்தது. உடம்பு சாப்பாட்டைச் செரிக்கும்போது சூடு கூடும் என்று நான் புத்தகத்தில் படித்ததுதான். அவர்கள் பட்டினி கிடந்து கண்டுபிடித்திருந்தார்கள்.

இப்போதே கலியபெருமாளிடம் போகிறேன், இந்த அளவையே ஒழித்துக்கட்டுகிறேன் என்று செருப்பை மாட்டினேன். லூர்து ஈரக் கையோடு வந்து என் கையைப் பிடித்தாள்.

"நீங்க எதுவும் பேசாதீங்கக்கா. போன தடவ நீங்க பேசித்தான் இந்த நம்பரே வந்துச்சு."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். கெஞ்சினாள். என்னைப் பார்த்து அவள் பயந்திருந்தாள்.

செருப்பைக் கழற்றினேன். மணி அடிப்பதற்குள் பெண்கள் நடு அறைக்கு வெளியே வரிசையில் நின்றுவிட்டார்கள். ஒருத்தியும் பேசவில்லை. பேசினால் சூடு கூடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். லூர்துவின் முறை முடிந்து அட்டையைக் காட்டினாள். ஐம்பத்தைந்து. நேராக ஸ்டோர் ரூமுக்குப் போய்ப் புடவையை விரித்துப் படுத்தாள். சாயங்காலம் திறந்த பிறகு சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று இட்லித் தட்டை மூடி வைக்கச் சொன்னாள். சீக்கிரமே கண் அசந்துவிட்டது.

நான் ஸ்டோர் ரூம் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு வெளியே நாற்பத்து மூன்று. உள்ளே இருபத்தெட்டரை. வீடு நான் வடிவமைத்தபடியே வேலை செய்துகொண்டிருந்தது.